தற்காப்பு: சொல்லும் அதன் எல்லையும்

'செல்ஃப் டிஃபென்ஸ்' என்பதற்குத் தமிழில் தற்காப்பு. தன் + காப்பு. பொற்குடம், தற்கொலை போல, ககரத்துக்கு முன் 'ன்' 'ற்' ஆகியிருக்கிறது. குறள் 56-லேயே 'தற்காத்து' உண்டு. வேர் 'கா'. திருவிழாவுக்குக் கையில் கட்டும் காப்பும் அதே வேர்தான்.

சட்டம் ஆள்வதோ 'பிரைவேட் டிஃபென்ஸ்' என்ற சொல். 'தனியார் பாதுகாப்பு' என்றால் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிதான் நினைவுக்கு வருவார். 'காப்புரிமை' நல்ல சொல். அதை பேட்டன்ட்டுக்குக் கொடுத்துவிட்டோம். ஆகவே தற்காப்புரிமை என்பதே சரி. ஆனால் இங்கே 'தன்' தன்னோடு நிற்பதில்லை: அடுத்தவர் உடலையும், தன் உடைமை, பிறர் உடைமையையும் காக்கலாம். பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதை. குடித்தவன் ஒருவன் கவாத்துக் கத்தியை ஓங்குகிறான். வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நியாயமான அச்சம் எழுந்ததுமே உரிமை தொடங்கிவிடும். குடைக்கம்பால் அவன் மணிக்கட்டில் அடிக்கிறீர்கள், கத்தி விழுகிறது. அதுவரை தற்காப்பு. கத்தி போய், அவன் திரும்பி ஓடும்போது முதுகில் விழும் அடி குற்றம். பல வழக்குகள் கெடுவது இந்த இரண்டாவது அடியில்தான். போலீசை அழைக்க நேரம் இருந்தால், அப்போதும் இந்த உரிமை இல்லை. உடலைக் காப்பதில், உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், வன்புணர்வு, ஆசிட் வீச்சு போன்ற அச்சம் இருந்தால் மட்டுமே எதிராளியின் உயிர்வரை போகலாம் (பிரிவு 38).

தற்காப்பு என்று நிறுவும் பொறுப்பு உங்களுடையது. அன்றைக்கே 112-க்குச் சொல்லுங்கள், அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதியுங்கள், கிழிந்த சட்டையைத் துவைக்காதீர்கள்.

மலையில் இன்னொன்றும் உண்டு. கரடியோ காட்டெருமையோ பாய்ந்தால், உயிர்காக்க நல்லெண்ணத்தோடு அதைக் காயப்படுத்துவதோ கொல்வதோ குற்றமாகாது; 1972 வன உயிரினச் சட்டத்தின் பிரிவு 11 அப்படிச் சொல்கிறது. வேட்டைக்குப் போனவருக்கு அந்த விலக்கு கிடையாது. அந்த விலக்கு ஆளுக்கு மட்டும், பயிருக்கு அல்ல: கேரட் வயலைச் சுற்றி வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பியில் பாய்ச்சி ஒரு விலங்கு செத்தால், தற்காப்பு என்று சொல்லித் தப்ப முடியாது.