ரோமுக்குத் தீயாகத் தெரிந்த சிவப்பு

ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்தில் ஓர் இரவு, வானம் சிவந்தது. ஓஸ்தியா நகரம் பற்றி எரிகிறது என்று நினைத்துப் படையினர் உதவிக்கு ஓடினார்களாம், ரோமத் தத்துவஞானி செனகா எழுதிவைத்திருக்கிறார். அங்கே தீ இல்லை. துருவப் பக்கத்து வானில் தோன்றும் துருவ ஒளிதான் அப்படி ஏமாற்றியது.

நார்வேயில் இந்த ஒளி பெரும்பாலும் பச்சைத் திரையாக ஆடும். தெற்கே மட்டும் ஏன் சிவப்பு?

இரண்டு நிறத்தையும் தருவது ஆக்சிஜன் அணுதான். மேலிருந்து பாயும் எலெக்ட்ரான் இடித்ததும் அணு ஆற்றலை வாங்கிக்கொள்ளும். பிறகு ஒளியாக விட்டுவிடும். பச்சை ஒளியை வெளியிட ஒரு விநாடிகூட ஆகாது. சிவப்பை வெளியிடவோ கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் எடுக்கும். அதுவரை யாரும் இடிக்கக் கூடாது. நூறு கிலோமீட்டர் உயரத்தில் அது நடக்காது; கூட்ட நேரத்து டவுன் பஸ் மாதிரி, பக்கத்து மூலக்கூறு மோதி ஆற்றலைப் பிடுங்கிவிடும். இருநூறு கிலோமீட்டருக்கு மேலே காற்று அவ்வளவு மெலிது, காத்திருக்க முடிகிறது. ஆக, திரையின் அடி பச்சை, உச்சி சிவப்பு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பூமியின் வளைவு அடியை மறைத்துவிடும். தொடுவானத்தில் எட்டிப் பார்ப்பது சிவந்த உச்சி மட்டும். ஊர் எரிவதாகத் தோன்றாமல் என்ன செய்யும்?

ஒளி அவ்வளவு தெற்கே இறங்க, பூமியின் காந்தப்புலத்தையே குலுக்கும் பெரிய காந்தப்புயல் வேண்டும். சூரியன் கக்கும் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்களின் கூட்டம், தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது. அந்தப் புலம் வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் புலத்தோடு கோத்துக்கொண்டு, ஆற்றலை உள்ளே கொட்டும். பூமியின் இரவுப் பக்கம் காந்தப்புலம் வால்போல் நீண்டு, அறுந்து மீண்டும் ஒட்டும்போது எலெக்ட்ரான்கள் நம் பக்கம் சீறும். சிக்கல் என்னவென்றால், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் விண்கலங்களைப் பிளாஸ்மா கடக்கும்வரை அந்தத் திசை நமக்குத் தெரியாது. இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலம் நிற்பதும் அங்கேதான்.

1859 செப்டம்பர் 1 அன்று, சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்த ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் காரிங்டன் அவற்றின் நடுவே திடீர் வெளிச்சத்தைக் கண்டார். சூரியனிலிருந்து பூமிக்கு வரப் பிளாஸ்மாவுக்கு வழக்கமாக இரண்டு மூன்று நாள் எடுக்கும் பயணம், அன்று பதினெட்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, புயல் கம்பியில் தூண்டிய மின்சாரத்திலேயே பேசிக்கொண்டார்கள். பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் பதிவேட்டில் காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) சரிந்திருக்கிறது. கனடாவின் கியூபெக்கை ஒன்பது மணி நேரம் இருட்டில் வைத்த 1989 மார்ச் புயலில், பல நிலையங்களின் சராசரிச் சரிவு 589தான்.