ஹஜ் விண்ணப்பம்: ஒரே கவரில் யார் யார்?

குடும்பத்தோடு ஹஜ்ஜுக்குப் போக நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் செலவைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன்பே வீட்டில் பேசி முடிக்க வேண்டியது, கவரில் யாரைச் சேர்ப்பது என்பது.

இந்திய ஹஜ் குழுவுக்குச் சேர்ந்து அனுப்பும் ஒரு விண்ணப்பம்தான் கவர். பெரியவர்கள் ஐந்து பேர் வரை சேரலாம். அவர்களில் ஒருவர் கவர் தலைவர். இணையதளத்திலோ ‘ஹஜ் சுவிதா’ செயலியிலோ பதிவு செய்யலாம். யாருக்கு இடம் என்று முடிவு செய்யும் குலுக்கல் ஆளுக்கு ஆள் நடப்பதில்லை, கவருக்குத்தான். கிடைத்தால் அத்தனை பேருக்கும் கிடைக்கும், இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. கிருஷ்ணகிரியில் பெற்றோரும் காவேரிப்பட்டணத்தில் மகளும் மருமகனும் இருந்து, தனித்தனியாகப் பதிந்தால், ஒரு வீட்டுக்குக் கிடைத்து இன்னொரு வீடு காத்திருப்புப் பட்டியலில் நிற்க நேரலாம்.

முதியவர்களுக்கு முன்னுரிமை உண்டு. 70 ஆக இருந்த வயது வரம்பு 2025 ஹஜ்ஜிலிருந்து 65 ஆகக் குறைந்தது. நெருங்கிய உறவினர் ஒருவர் துணையாக வர வேண்டும். முதியவர் பயணத்தை ரத்து செய்தால் துணைக்குப் போகிறவரின் இடமும் போய்விடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டுக்குள் மனத்தாங்கல் வருவது இங்கேதான்.

45 வயதைக் கடந்த பெண்கள் மஹ்ரம் (கணவர் அல்லது மணமுடிக்க மார்க்கத்தில் தடையுள்ள நெருங்கிய ஆண் உறவினர்) துணையின்றி விண்ணப்பிக்கத் தனிப்பிரிவு இருக்கிறது. அதைவிட வயது குறைந்த பெண்களுக்கு மஹ்ரம் அவசியம். மாமியாருக்கு மருமகன் மஹ்ரம். அண்ணிக்குக் கொழுந்தன் அல்ல.

விமானம் ஏறும் ஊரையும் யோசித்துக் குறிப்பிடுங்கள். ஓசூர்க்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். ஆனால் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் தூரத்தை மட்டும் பார்க்கக் கூடாது.

தேர்வானபின் பணத்தைத் தவணைகளாகக் கட்டலாம். மத்திய அரசின் ஹஜ் மானியம் 2018-இல் நின்றுவிட்டது. தமிழக அரசு தன் நிதியிலிருந்து மானியம் தருவதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மாநில ஹஜ் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்தை ரத்து செய்தால் பிடித்தம் உண்டு. புறப்படும் நாள் நெருங்க நெருங்க அது கூடும்.

ஹஜ் நாட்களுக்கு வெளியேயும் மக்கா சென்று செய்யும் உம்ரா, இந்திய ஹஜ் குழுவின் வழியாக நடப்பதில்லை. அதற்குத் தனியார் நிறுவனங்கள்தான். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அறிவிப்புக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று: பாஸ்போர்ட்டையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். ஒன்றில் இனிஷியலும் மற்றொன்றில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.