ஞானோபதேசம்: சொல்லும் பொருளும்

கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகளைப் பிள்ளைகளுக்கும் திருமுழுக்குக்குக் காத்திருப்போருக்கும் கற்பிக்கும் பணியையும், அப்பணிக்கென எழுதப்பட்ட சிறு நூலையும் தமிழ்த் திருச்சபைகள் நெடுங்காலமாக ‘ஞானோபதேசம்’ என்ற ஒரே சொல்லால் குறித்து வந்திருக்கின்றன. கத்தோலிக்கர் இப்போது ‘மறைக்கல்வி’ என்கிறார்கள். சீர்திருத்த சபைகளில் ‘கேட்டகிசம்’ என்ற கடன்சொல்லும் பேச்சில் உண்டு. கடைசிச் சொல்லில் தமிழ்க் காதுக்குக் ‘கேட்டு’ என்பது ஒலிப்பது தற்செயல்தான் என்றாலும், பொருளளவில் அந்தத் தற்செயல் பொய்யாகவில்லை.

மூலச்சொல் கிரேக்கம். ‘கத்தேகேயோ’ என்ற வினையில் ‘கத்தா’ என்பது மேலிருந்து கீழாக என்ற பொருளையும், அடுத்த பகுதி ஒலித்தலையும் குறிக்கும். எதிரொலியைச் சுட்டும் ‘எக்கோ’வும் இதே வேரில் பிறந்ததுதான். ஆகவே ஒருவர் சொல்வது மற்றவர் செவியில் விழுந்து அங்கே ஒலிக்கும்படி செய்தல் என்பதே இதன் முதற்பொருள். புதிய ஏற்பாட்டில் இவ்வினை ஏறத்தாழ எப்போதும் ‘வாய்மொழியாகக் கற்பித்தல்’ என்ற பொருளிலேயே வருகிறது. லூக்கா தம் நற்செய்தியின் தொடக்கத்தில் தெயோப்பிலுவுக்கு ‘உபதேசிக்கப்பட்ட’ விசேஷங்கள் என்று சொல்லும் இடத்திலும், திருவசனத்தில் ‘உபதேசிக்கப்படுகிறவன் உபதேசிக்கிறவனுக்குச்’ சகல நன்மைகளிலும் பகிர்ந்துகொடுக்கக்கடவன் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதும் இடத்திலும் மூலத்தில் நிற்பது இச்சொல்லே. வினாவும் விடையுமாக அமைந்த புத்தகம் என்ற பொருள் அதன்மேல் ஏறியது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

தமிழில் இப்பணி அச்சுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு மொழியும் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். கற்றதைப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லும்படி அப்பிள்ளைகளையே அனுப்பினார். பின்னர் போர்த்துகீசிய இயேசு சபைத் துறவியான அண்டிரிக் பாதிரியார் தமிழாக்கிய 16 பக்கச் சிறுநூல் 1578இல் கொல்லத்தில் அச்சானபோது, அதன் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’ என்றிருந்தது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறியவற்றுள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் ஒரு ஞானோபதேச நூலே என்பது இச்சொல்லின் வரலாற்றில் விட்டுவிடக்கூடாத செய்தி. ஆனால் அதன் தலைப்பில் அச்சொல் இல்லை. மதுரையில் பணியாற்றிய இராபர்ட் தெ நொபிலி (1577–1656) தம் பெருநூலுக்கு ‘ஞானோபதேசம்’ என்று பெயரிட்டு எழுதிய பின்பே அது கிறிஸ்தவத் தமிழில் வேரூன்றியது.

நொபிலி அதைப் புதிதாக ஆக்கவில்லை. நாட்டில் வழங்கியதை எடுத்துக்கொண்டார். ‘உப’ என்றால் அருகில். அடுத்து நிற்பது சுட்டிக்காட்டுதலைக் குறிக்கும் ‘திச்’ என்ற வடமொழி வேர். ‘திசை’யும் ‘தேசமும்’ அதிலிருந்தே வந்தவை. ஆக உபதேசம் என்பது அருகிருந்து வழிகாட்டுதல். கிரேக்கச் சொல் செவியைப் பற்றியது. வடசொல்லோ விரல் காட்டும் இடத்தைப் பார்க்கும் கண்ணைப் பற்றியது. சுவாமிமலைக் கதையில் மகன் தந்தையின் காதில் பிரணவப்பொருள் ஓதியதைப் போன்ற வழக்கால் உபதேசத்துக்கும் செவியோடு உறவு ஏற்பட்டிருந்தது உண்மைதான். ஆயினும் அது தகுதி பெற்ற ஒருவருக்கு மறைவாக ஓதப்படுவது. சவேரியாரின் மணியோசையோ தெரு முழுவதையும் அழைத்தது. இந்த ஓர் இடறலைத் தவிர, நொபிலியின் தேர்வில் குறைகாண எனக்கு மனம் வரவில்லை. இச்சொல்லின் வழியே, கற்பிப்பவரைக் குறிக்கும் ‘உபதேசியார்’ என்ற நல்ல பெயரும் நமக்குக் கிடைத்தது. கத்தோலிக்கர் அவரை ‘வேதியர்’ என்றனர், வீரமாமுனிவர் அவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார்.

ஞானோபதேசம் கோயிலுக்கு மட்டும் உரிய சொல் என்று எண்ணுவது பிழை. ஜெர்மனியின் சாக்சனிச் சபைகளைப் பார்வையிட்டு அங்குள்ள அறியாமையைக் கண்டு மனம் நொந்த சீர்திருத்தத் தலைவர் லுத்தர், 1529இல் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டபோது, குடும்பத்தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய விதம் என்றே அதன் பகுதிகளுக்குத் தலைப்பிட்டார். உபாகமம் 6:7இல் ‘உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் உள்ள வினைக்குக் கூர்தீட்டுதல் என்றும் பொருள் உண்டு: கத்தியைக் கல்லில் தீட்டுவதுபோல மீண்டும் மீண்டும்.

இனி, அந்தக் கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ் நிகர் எது? ‘மறைக்கல்வி’ தூய தமிழ். புதுநன்மை, உறுதிபூசுதல் என்னும் திருச்சடங்குகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் ஞாயிறு வகுப்புகளுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் அதில் பாடமும் வகுப்பும் தெரிகின்றனவே தவிர, வாயும் செவியும் தெரியவில்லை. அந்த இரண்டும் ‘கேள்வி’யில் உண்டு. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குப் பெயராக வைத்த கேள்வி கேட்டறிதலே. ‘விசுவாசம் கேள்வியினால் வரும்’ என்ற ரோமர் 10:17இன் தமிழாக்கமும் அதையே காட்டுகிறது. வினா என்ற பொருளும் அதற்கு இருப்பதால், கேட்டலில் தொடங்கி வினாவிடையில் வந்து நின்ற கிரேக்கச் சொல்லின் முழுப்பயணமும் இந்த ஒரு தமிழ்ச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இன்றைய வழக்கில் கேட்டல் என்ற பொருள் மங்கிப்போனதால், தலைப்புச் சொல்லாக இதை மீட்பது கடினம்.

எனினும் கற்பித்தலைக் கைமாற்றித் தருதல் என்ற பொருளில் சொல்ல வேண்டுமானால், ‘ஒப்புவித்தல்’ என்பதை நான் முன்வைப்பேன். ‘நான் உங்களுக்கு ஒப்புவித்ததைக் கர்த்தரிடத்தில் பெற்றுக்கொண்டேன்’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுவதில் அது கையளித்தல். ஞாயிறு பள்ளியில் பிள்ளை எழுந்து நின்று ‘மனப்பாட வசனம் ஒப்புவிக்கும்’போது அது திருப்பிச் சொல்லுதல். பழைய மேற்கத்தியத் திருச்சபையில் திருமுழுக்குக்கு முன், அதைப் பெறவிருப்போருக்கு விசுவாசப் பிரமாணத்தை ஆயர் ஒப்படைப்பது ஒரு சடங்கு. அதை மனத்திலிருந்து அவர்கள் திரும்பச் சொல்வது மற்றொரு சடங்கு. அதை எழுதிவைக்காமல் கேட்டே மனத்தில் இருத்த வேண்டும் என்று ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீனார் அறிவுறுத்தினார். இலத்தீனில் அவ்விரண்டு சடங்குகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் தேவைப்பட்டன. தமிழில் கொடுப்பவரும் ஒப்புவிக்கிறார், பெற்றுக்கொண்ட பிள்ளையும் ஒப்புவிக்கிறது.