மழைக்கோட்டும் கரப்பானும்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்து வந்த கேள்வி: "அம்மா மழைக்கோட்டு போட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போகிறார். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் பொங்குகிறது. கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்தியும் குறையவில்லை. பிளாஸ்டிக்தான் காரணமா?"

எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கும் பாலித்தீன் பைக்கும், பிளாஸ்டிக்கை வளையவைக்கும் நெகிழ்வூட்டி தேவையில்லை. பி.வி.சி.க்குத் தேவை. வீட்டுத் தண்ணீர்க் குழாயின் விறைப்புதான் அதன் இயல்பு. அதை மழைக்கோட்டாக மடங்கவைக்கப் பெரும்பாலும் தாலேட் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பு கொள்வதில்லை, இடுக்கில் ஒண்டியிருக்கிறது. அதனால் மெல்லக் கசிகிறது. சூடு பட்டால், எண்ணெய் பட்டால் இன்னும் வேகமாக.

சரி, கசிந்தது தோலில் என்ன செய்யும்? பச்சைக் கடுகை அரைத்தால் மூக்கில் சுரீரென்று ஏறுகிறதே, அது வாசனை அல்ல, நரம்பின் அலறல். நரம்பு நுனியில் டி.ஆர்.பி.ஏ.1 என்றொரு வாசல் உண்டு. கடுகின் காரம் அதைத் திறந்ததும் 'ஆபத்து' என்று சேதி போகிறது. டைபியூட்டைல் தாலேட் என்ற நெகிழ்வூட்டியும் இதே வாசலைத்தான் திறக்கிறது!

இதை எலிகளில் பார்த்த விதம் அழகானது. பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தைத் தோலில் தடவினார்கள். தாலேட் கலந்து தடவியபோது, தோலில் காவல் இருக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் சாயத்தை எடுத்துக்கொண்டு, நோய் எதிர்ப்புச் செல்கள் கூடும் நிணநீர்க் கணுவுக்குக் கூட்டமாக ஓடின. கணுவைத் திறந்து, ஒளிரும் செல்களை எண்ணிப் பார்க்க முடிந்தது. அந்த வாசலை மருந்தால் அடைத்தால், சாயத்துக்கு எதிராக எழுந்த ஒவ்வாமை தணிந்தது. தாலேட் தோலின் செல்களிலிருந்து டி.எஸ்.எல்.பி. என்ற சமிக்ஞைப் புரதத்தையும் வரவழைக்கிறது. அது நோய் எதிர்ப்பை ஒவ்வாமைப் பக்கம் திருப்பிவிடும்.

அதாவது இங்கே தாலேட் எதிரி இல்லை, ஊரை எழுப்பும் தண்டோரா. அந்த நேரத்தில் தோலில் ஒட்டியிருந்த வேறு ஏதோ ஒன்று எதிரியாகப் பதிவாகிவிடுகிறது.

மனிதர்களில்? 2004-இல் வெளியான சுவீடன் ஆய்வில், ஒவ்வாமை உள்ள 198 குழந்தைகளையும் இல்லாத 202 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். படுக்கையறைத் தூசியில் பென்சைல் பியூட்டைல் தாலேட் கூடுதலாக இருந்த வீடுகளில் கரப்பான் அதிகம். இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. மழைக்கோட்டுக்குள் நாள் முழுக்கத் தேங்கும் வியர்வையே தோலின் காப்பை உடைக்கப் போதும் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, மழையில் நிற்கும் நம் தோட்டத்துப் பெண்களிடமே ஆய்வு நடக்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவது வீண் செலவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கத்தரிக்காய் விஷயத்திலும் எனக்குக் கோபம்தான். சோதித்துப் பார்க்காமலே 'கரப்பான் பண்டம்' என்று ஒதுக்கி, உழைக்கிற பெண்ணின் தட்டிலிருந்து கருவாட்டையும் பிடுங்கிவிடுகிறோம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: கோட்டுக்குள் முழுக்கைப் பருத்திச் சட்டை போடட்டும், நனைந்தால் மாற்றட்டும். காலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அதன்மேல் கோட்டு போட வேண்டாம், தாலேட் எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெயை இரவு குளித்த பிறகு தடவலாம். அப்புறம், தோல் மருத்துவரிடம் முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை கேளுங்கள். கையுறை ரப்பரா, பூச்சிமருந்தா, தோட்டத்துச் செடியா என்று அதில் பிடிபட வாய்ப்புண்டு.