பழைய பெட்ரோல் வண்டிக்கு மின்சாரப் பம்ப்: சத்தம் எங்கிருந்து வருகிறது?

அக்னி நட்சத்திர வெயிலில், கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்து வரும் பழைய பெட்ரோல் ஜீப் பிக்கப் திடீரென்று திணறி நின்றுவிடும். டிரைவர் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். இந்த வைத்தியத்துக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் சரியானதுதான்.

பழைய வண்டிகளில் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருக்கும். எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு நெம்பித் தள்ள, பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு அசைந்து, பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. கூடவே கொதிநிலையும் இறங்குகிறது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கத் தொடங்குபவை. எஞ்சின் சூடும் சேர்ந்தால் குழாயில் ஆவி நிரம்பிவிடும். டயாபிரம் அந்த ஆவியையே அமுக்கி அமுக்கி விடும், பெட்ரோல் நகராது. இப்போது பங்கில் போடும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் டயாபிரத்தையும் கெடுக்கும்.

மின்சாரப் பம்பை டேங்க் பக்கத்திலேயே, டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோ வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். பம்பிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் வரை குழாய் முழுக்க அழுத்தத்தில் இருப்பதால் கொதிநிலை ஏறுகிறது. இந்த வகைப் பம்புகளுக்குத் தள்ளுவதில்தான் பலம். உறிஞ்சுவதில் அவ்வளவு கெட்டி இல்லை.

புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ வாங்கப் போனால் முதலில் கேட்க வேண்டியது அழுத்தம். கார்புரேட்டருக்கு 3 முதல் 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) போதும். இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் 40-க்கு மேல் தரும்; அது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசியைத் தள்ளித் திறந்து, சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைக் கொட்டிவிடும். பம்ப் மணிக்கு எவ்வளவு பெட்ரோல் தள்ளும் என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். 75 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் குடிப்பதே மணிக்குச் சுமார் 23 லிட்டர்தான். பழைய ஜீப் என்றால் பேட்டரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சத்தம். பலர் மின்சாரப் பம்பையே வெறுப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் பம்பைக் கையில் பிடித்து ஓட்டிப் பார்த்தால் சத்தம் சொற்பமாகத்தான் இருக்கும். அதே பம்பைத் தரைத் தகட்டில் இறுக்கினால் கேபின் முழுக்க ரீங்காரம். வீணைத் தந்தியின் மெல்லிய அதிர்வைக் குடம் பெரிதாக்குவதுபோல, அகன்ற தகடு பம்பின் அதிர்வை வாங்கிக் காற்றை அசைக்கிறது. அதனால் தகட்டை விட்டுவிட்டு, கனமான சேசிஸ் சட்டத்தில் மாட்டுங்கள், இடையில் ரப்பர் வைத்து.

எந்த ரப்பர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பம்பு நொடிக்கு 50 முறை அதிர்கிறது என்று வையுங்கள். ரப்பர் மேல் உட்கார்ந்த பம்பைத் தட்டினால் அது நொடிக்கு 15 முறை ஆடும் அளவுக்கு மென்மையாக இருந்தால், சட்டத்துக்குப் போகும் அதிர்வு விசை பத்தில் ஒரு பங்காகிவிடும். கெட்டியான ரப்பரில் அந்த ஆட்டம் 35-ஐத் தாண்டினால் பயனே இல்லை. 50-ஐ நெருங்கினால் சத்தம் கூடவே செய்யும். அரைக் கிலோ பம்புக்கு எஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் போடுவது வீண். ரப்பரை ஊடுருவி போல்ட் போனாலும் வீண், அதிர்வு இரும்பு வழியே போய்விடும். இரண்டு முனையிலும் தனித்தனித் திருகு உள்ள ரப்பர் மவுண்ட் வாங்குங்கள்.

அப்புறம் குழாய். பம்பின் இரு பக்கமும் ஒரு சாண் எத்தனால் தாங்கும் ரப்பர் ஹோஸ் இல்லாவிட்டால், அதிர்வு இரும்புக் குழாய் வழியே முன்னால் ஓடும். ரப்பர் மின்சாரத்தையும் தடுப்பதால் எர்த் வயர் தனியாக இழுக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பம்ப் முனகினால் டேங்க் பக்கத்து ஃபில்டரைப் பாருங்கள். அடைபட்டிருந்தால் பம்புக்குப் பெட்ரோல் போதாமல் அப்படித்தான் கத்தும்.

பழைய பம்ப் எஞ்சினோடு நின்றுவிடும். மின்சாரப் பம்ப் நிற்காது. விபத்தில் குழாய் அறுந்தாலும் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆயில் அழுத்தம் விழுந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் இந்த வேலையை முடிக்காதீர்கள். பழைய பம்பைக் கழற்றிய இடத்தில் எஞ்சினில் இருக்கும் ஓட்டையைத் தகடும் கேஸ்கட்டும் வைத்து மூடிவிடுங்கள், இல்லையென்றால் அந்த வழியே எஞ்சின் ஆயில் வெளியே அடிக்கும்.