ஹெல்த் இன்ஈக்விட்டி: உடல்நல ஓரவஞ்சனை

‘ஹெல்த் இன்ஈக்விட்டி’யைத் தமிழில் பெரும்பாலும் ‘சுகாதார ஏற்றத்தாழ்வு’ என்றே எழுதுகிறார்கள். உறுத்தாத சொல்தான், ஆனால் பாதிப் பொருளோடு நின்றுவிடுகிறது. ஏற்றமும் தாழ்வும் தானாகவும் அமையும். இந்தச் சொல் குறிப்பது, மனிதர் உண்டாக்கிய தாழ்வை.

மூலம் லத்தீன். ‘ஏக்குவஸ்’ என்றால் சமமானது, ஒருபக்கம் சாயாதது. ‘ஈக்வாலிட்டி’, ‘ஈக்விட்டி’ இரண்டும் அதன் கிளைகள். முன்னது அளவைப் பேசும். பின்னது நியாயத்தைப் பேசும். தாத்தாவுக்கு மூட்டு வலிக்கிறது, பேரனுக்கு வலிக்கவில்லை என்றால் அது வேறுபாடு மட்டுமே. 1990-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதியபோது, தேவையற்ற, தவிர்க்கக்கூடிய, நியாயமற்ற உடல்நல வேறுபாடுகளே இன்ஈக்விட்டி என்று வரையறுத்தார். 2008-இல் மைக்கேல் மார்மட் தலைமையில் அதே நிறுவனம் அமைத்த ஆணையம், மக்கள் பிறந்து, வளர்ந்து, வாழ்ந்து, உழைத்து, மூப்படையும் சூழலில் இதன் காரணங்களைத் தேடச் சொன்னது. அதாவது, மருத்துவமனைக்கு வெளியே.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழும் தமிழர்களாகிய நாங்கள் அதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1950-இன் குரூப் ஏரியாஸ் சட்டம், எந்த இனத்தார் எந்த மண்ணில் குடியிருக்கலாம் என்று கோடு கிழித்தது. நகரின் நடுவே, கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த மேகசின் பேரக்ஸில் மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்தன. நகரின் இன்னொரு பகுதியான கேட்டோ மேனரில் இந்தியர்கள் காய்கறித் தோட்டம் போட்டு, கோயிலும் கட்டியிருந்தார்கள். 1960-களில் இவர்களைப் பெயர்த்து, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வேலை பழைய இடத்திலேயே இருந்தது. வீடு மட்டும் தொலைவுக்குப் போனது. சாட்ஸ்வொர்த்துக்கு ஆர். கே. கான் மருத்துவமனை வந்தது 1969-இல். குடியேற்றம் முந்திக்கொண்டது, வைத்தியம் பிந்தி வந்தது.

தென் டர்பனில் இருக்கும் மெரிபேங்கின் கதை இன்னும் கொடுமை. ஒரு பக்கம் பிளஃப் குன்று, மறுபக்கம் பெரியா மேடு, நடுவே தாழ்ந்த நிலம். குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப்போகும். அதற்கு மேலே வெப்பமான காற்று மூடி போட்டாற்போல் நிற்கும். புகைக்கு மேலே போக வழி இல்லை. அந்தத் தாழ்நிலத்தில்தான் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஒரு காகித ஆலையும் எழுந்தன. அவற்றின் வேலி ஓரத்தில் இந்தியர்களுக்கென்று வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் மெரிபேங்க் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடந்த ஆய்வில், பரிசோதித்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு நிலையில் ஆஸ்துமா இருப்பது தெரியவந்தது. ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளையின் பையில் நோட்டோடு நீல நிற ‘பம்ப்’பும் கிடக்கும். இன்ஹேலர் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. பாட்டிமார் வாயில் நோயின் பெயர் ‘இழுப்பு’.

குன்றுகளும் குளிர்காற்றும் இயற்கை. அங்கே யாரைக் குடிவைப்பது என்பது அலுவலக மேசையில் எடுத்த முடிவு. முடிவை மாற்றினால் மூச்சும் மாறும் என்பதையும் இதே ஊர் காட்டியது. மக்கள் ஆலை வாசலில் நின்று பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2000-இல் சுற்றுச்சூழல் அமைச்சர் வல்லி மூசா, தென் டர்பனின் காற்று மாசைக் குறைக்கும் பல்முனைத் திட்டத்தை அறிவித்தார். காற்றை அளக்கும் நிலையங்கள் வந்தன. கந்தக டைஆக்சைடு குறைந்தது. ‘தவிர்க்கக்கூடிய’ என்று வைட்ஹெட் எழுதியதற்கு இது கண்கண்ட சான்று.

இனி தமிழ்ச் சொல். ‘சுகாதாரம்’ நாளடைவில் துப்புரவைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ‘சுகாதாரக்கேடு’ என்றதும் குப்பையும் சாக்கடையும்தானே நினைவுக்கு வருகின்றன! ஆகவே ‘உடல்நலம்’ போதும். இன்ஈக்விட்டிக்கு ‘அநீதி’ பொருந்தும், ஆனால் அது எல்லாக் கொடுமைக்கும் பொதுவான சொல். நம் வீடுகளிலேயே புழங்கும் ‘ஓரவஞ்சனை’தான் இதற்கு உரியது என்பேன். ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பதற்குப் பெயர் அது. ‘ஓரம்’ என்றால் விளிம்பு. பாரபட்சம் என்றும் பொருள். ‘மன்றோரம் சொன்னார் மனை’ என்று ஔவை பழித்தது, அவையில் ஒருபக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொன்னவர்களை. ஊர் ஓரத்துக்குத் தள்ளுவதும் ஓரம் சொல்வதும் ஒரே சொல்லில் அடங்குவது வேறு எந்த மாற்றுச் சொல்லிலும் கிடைக்காது. ஓரவஞ்சனைக்கு எதிர்நிலை, அதாவது ஈக்விட்டி, வள்ளுவரின் ‘ஒருபால் கோடாமை’. உரைநடையில் ‘உடல்நலச் சமநீதி’ என்று எழுதலாம்.

இந்தச் சொல்லை நம் கதைக்கு மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. சாட்ஸ்வொர்த்துக்கு அப்பால் உம்லாசியில் குடியமர்த்தப்பட்ட கறுப்பின மக்களுக்கு, நமக்குக் கிடைத்ததைவிடவும் குறைவாகவே கிடைத்தது. இனக்கோடு சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியபின், காசு அந்த வேலையைச் செய்கிறது. இன்று தென்னாப்பிரிக்காவில் ‘மெடிக்கல் எய்ட்’ என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர் ஏறத்தாழ ஆறில் ஒருவர். நாட்டின் மருத்துவச் செலவில் ஏறத்தாழப் பாதி தனியார் பக்கம் போகிறது. 2024-இல் கையெழுத்தான தேசிய உடல்நலக் காப்பீட்டுச் சட்டம் இதை மாற்றத்தான் வந்திருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘ஏற்றத்தாழ்வைக் குறைக்க’ என்பதை விட்டு, ‘உடல்நல ஓரவஞ்சனையைப் போக்க’ என்று எழுதட்டும்.