புதுக் குடலுக்கு எந்தச் சத்து ஆகும்?

சிறுகுடல் மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்தவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. லேகியப் பாட்டில், புரோட்டீன் பவுடர் டப்பா, மஞ்சள் கேப்ஸ்யூல் என்று ஏதாவது இருக்கும். “ரொம்ப இளைச்சுட்டார் மேடம், கொஞ்சம் தெம்பு வரட்டும்” என்பார்கள். அன்புதான். ஆனால் டயட்டீஷியனான எனக்கு முதல் கவலையே அந்தப் பைதான்.

புதுக் குடலை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் கொடுக்கிறோம். ரத்தத்தில் அதன் அளவு ஏறினால் சிறுநீரகம் அடிவாங்கும். இறங்கினால் குடலுக்கே ஆபத்து. பம்பளிமாஸ் பழம் அந்த அளவை ஏற்றக்கூடும். மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் மாத்திரையும் அப்படித்தான். குழம்பில் போடும் சிட்டிகை மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். செறிவாக்கிய கேப்ஸ்யூல் வேறு சங்கதி. ‘எதிர்ப்புச் சக்தி கூடும்’ என்று விற்கும் சீந்தில், அசுவகந்தா எதுவும் வேண்டவே வேண்டாம். அந்தச் சக்தியை அடக்கி வைக்கத்தானே இத்தனை மருந்தும்!

புரோபயாடிக், அதாவது ‘நல்ல’ நுண்ணுயிர் அடங்கிய மருந்து பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குடலுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, பலருக்கு ரத்தக்குழாயில் டியூபும் இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு அந்த நுண்ணுயிரே ரத்தத்தில் கலந்து தொற்றானது மருத்துவ உலகில் பதிவாகியிருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஈஸ்ட் பாக்கெட்டும் இதில் அடக்கம். பழைய சோற்று நீராகாரத்தையும் டாக்டர் சொல்லும்வரை தள்ளி வையுங்கள்.

அடுத்து, நெய். அறுவையின்போது குடலின் நிணநீர்க் குழாய்கள் அறுபடும். அவற்றை யாரும் தைப்பதில்லை, தானாகவே வளர்ந்து சேரச் சில வாரங்கள் ஆகும். சாதாரணக் கொழுப்பு உடம்பில் சேர்வது அந்த வழியில்தான் என்பதால், அவசரப்பட்டு நெய் ஊற்றினால் வயிற்றுக்குள் பால்போல நீர் கசிந்து தேங்கலாம். அதனால்தான் நேராக ரத்தத்தில் சேரும் எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெயைத் தருகிறோம். “தேங்காய் எண்ணெயிலும் அதுதானே இருக்கு?” என்பார்கள். அதில் பெரும்பங்கு லாரிக் அமிலம். அதில் கணிசமான பகுதி நிணநீர் வழியாகத்தான் போகும். எனவே அது ஈடாகாது.

வயிற்றில் போட்ட துளை வழியாகக் குடல் கழிவு வந்து சேரும் ஸ்டோமா பை இருக்கும்வரை உப்பும் நீரும் வெளியேறிக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் உப்பு இன்னும் அதிகமாகப் போகும். இளநீரும் சரிப்படாது: சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். டாக்ரோலிமஸே பொட்டாசியத்தை ஏற்றும். ஓ.ஆர்.எஸ். தான் சரி, அதுவும் பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில்.

சரி, சத்து மாத்திரையே வேண்டாமா? வேண்டும். மெக்னீசியம், துத்தநாகம், வைட்டமின் டி, பி12 எல்லாம் குறையக்கூடும். ஆனால் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் தருவோம். மெக்னீசியம் மாத்திரையே கூடிப்போனால் வயிற்றைக் கலக்கிவிடும்.

வாங்கிய டப்பாவைப் பிரிக்காமல் அடுத்த செக்கப்புக்கு எடுத்து வாருங்கள். ஸ்டோமா பையில் போக்கு திடீரென்று கூடினால் மட்டும் செக்கப் வரை காத்திருக்காதீர்கள். அது தொற்றாகவோ நிராகரிப்பாகவோ இருக்கலாம். மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள்.